1969 கமாரோவும் பூட்டு போட்ட சாப்ட்வேரும்

கம்ப்யூட்டர் இதழில் அமெரிக்கக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. உங்கள் மேஜைக்குக் கீழே இருக்கும் அசெம்பிள்டு பிசியையும், அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஓடும் 1969-ம் வருட செவர்லே கமாரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஸ்குரூ கழற்றித் திறக்கலாம். பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கார், இன்றைய காருக்கு ஈடாக ஓடுகிறது.

இன்று ஷோரூமில் நிற்கும் புதிய காருக்கு இன்னும் ஐம்பது வருடம் கழித்து இந்த வாழ்வு கிடைக்குமா? கிடைக்காது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் இரும்பும் ரப்பரும் அல்ல. அந்தக் காருக்குள் இருக்கும் சாப்ட்வேரும், அதற்குப் போட்டிருக்கும் பூட்டும்தான் காரணம்.

மசில் கார் என்றால் என்ன?

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நடுத்தர அளவுள்ள காரில், பெரிய காருக்கு உரிய எஞ்சினை வைத்து, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றால் அது மசில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவினர் 389 கன அங்குல எஞ்சினை, வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக அறிவித்து அந்த விதியைத் தாண்டினார்கள். அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அதற்குப் போட்டியாக 1967 மாடலாக வந்ததுதான் செவர்லே கமாரோ.

இந்தக் காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1970-ல் அமெரிக்காவில் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் கார்கள் வீட்டுக் கொல்லைப்புறங்களில் ஒதுங்கின. பிறகு அவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் கூட்டம் ஒன்று உருவானது.

ரெஸ்டோமாட்

பழைய காரைச் சரிசெய்வதில் இரண்டு வழிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே நட்டு போல்ட் மாறாமல் புதுப்பிப்பது முதல் வழி. இதை ரெஸ்டோரேஷன் என்பார்கள். வெளித்தோற்றத்தைப் பழைய மாதிரியே வைத்துக்கொண்டு, உள்ளே எல்லாவற்றையும் இன்றைய பாகங்களாக மாற்றுவது இரண்டாவது வழி. இதுதான் ரெஸ்டோமாட். ரெஸ்டோரேஷனையும் மாடிஃபிகேஷனையும் சேர்த்து உண்டாக்கிய சொல். லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் செமா கண்காட்சிக்குப் போனால் இத்தகைய கார்களை வரிசையாகப் பார்க்கலாம்.

1969 கமாரோவில் எதையெல்லாம் மாற்றுகிறார்கள்? அதன் அடிப்படை மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். பெட்ரோலைக் காற்றோடு கலக்கிக் கொடுக்க கார்புரேட்டர். 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினின் சக்தி 140 குதிரைத்திறன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்றைய விளம்பரங்களில் அச்சிட்ட குதிரைத்திறனை இன்றைய எண்ணோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது. அப்போது எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். இதற்கு கிராஸ் அளவு என்று பெயர். காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் நெட் முறைக்கு 1972 மாடல்களில்தான் மாறினார்கள். எனவே அன்றைய 140 என்பது இன்றைய கணக்கில் இன்னும் குறைவு.

இந்தக் காரில் இன்று பலர் மாட்டுவது எல்எஸ்3 என்ற எஞ்சின். 2008 மாடல் கார்வெட் காரில் வந்தது. 6.2 லிட்டர், அலுமினிய பிளாக், 430 குதிரைத்திறன். இதைப் பெட்டியில் வைத்துத் தனியாகவே செவர்லே விற்றது. 'கிரேட் எஞ்சின்' என்று இதற்குப் பெயர். அதோடு டிஸ்க் பிரேக், காயில் ஸ்பிரிங், ஆறு கியர் உள்ள கியர் பாக்ஸ், ஏசி எல்லாம் சேரும்.

சுமார் நாற்பது வருடம் கழித்து வந்த எஞ்சின் இந்தக் காரில் எப்படிப் பொருந்துகிறது? மதர்போர்டைப் பழைய கேபினெட்டில் மாட்டுவது போலத்தான். ஸ்குரூ ஓட்டைகளின் இடம் மாறாமல் இருந்தால் வேலை சுலபம். செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 எஞ்சின் 1955-ல் வந்தது. அதில் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்த சிலிண்டரின் மையத்துக்கும் இடைவெளி 4.4 அங்குலம். 1997-ல் முற்றிலும் புதிதாக வடிவமைத்த எல்எஸ்1 எஞ்சினிலும் அதே 4.4 அங்குலம்தான். கியர் பாக்ஸைப் பொருத்தும் போல்ட் ஓட்டைகளும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தன. எஞ்சினைத் தாங்கும் இடத்தில் ஓர் அடாப்டர் தகடு வைத்தால் போதும்.

அந்தக் கமாரோவின் அமைப்பும் இதற்குத் தோதானது. எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் முன்பக்கச் சட்டம் தனியாக இருக்கும். போல்ட் போட்டு உடலோடு இணைத்திருப்பார்கள். அதை அப்படியே கழற்றிவிட்டு, டெட்ராய்ட் ஸ்பீட் போன்ற நிறுவனங்கள் செய்யும் நவீனச் சட்டத்தை மாட்டலாம். துரு பிடித்து உடலே போய்விட்டாலும் கவலை இல்லை. 1969 கமாரோவின் முழு பாடியையே டைனகார்ன் நிறுவனம் புதிதாகச் செய்து விற்கிறது.

கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது

இனி நம் இதழுக்கு உரிய பகுதி. எல்எஸ்3 எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் என்ற சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சுருக்கமாக இசியு. எஞ்சினோடு பொருந்தும் கன்ட்ரோலர் கிட்டையும் செவர்லேயே தனியாக விற்றது. இசியு, வயரிங், ஆக்சிஜன் சென்சார், ஆக்சிலேட்டர் பெடல் எல்லாம் அதில் இருக்கும்.

இசியு எப்படிக் கணக்குப் போடுகிறது? எக்ஸெல் ஷீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் எஞ்சினின் சுற்று வேகம். இன்னொரு பக்கம் உள்ளே வரும் காற்றின் அழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணைக் கொண்டு, சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாக அனுப்பும். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 15.4 என்று காட்டினால் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே இசியு சுமார் 5 சதவீதம் கூட்டும்.

எஞ்சினையே மாற்றும் அளவுக்குப் பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹாலி நிறுவனத்தின் ஸ்னைப்பர் என்ற சாதனம் பார்ப்பதற்குக் கார்புரேட்டர் மாதிரியே இருக்கும். பழைய கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த அதே நான்கு போல்ட்டில் உட்காரும். ஆனால் அதற்குள்ளேயே இசியு இருக்கிறது. கார் ஓட ஓட, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன் அட்டவணையைத் தானே திருத்திக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. வீட்டிலேயே சால்டரிங் செய்து இசியு தயாரிக்கும் மெகாஸ்குவர்ட் திட்டம் 2001-ல் தொடங்கியது. அர்டுயினோ போர்டை வைத்து இயங்கும் ஸ்பீடுயினோவும் இருக்கிறது. அதன் சர்க்யூட், புரோகிராம் இரண்டையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம்.

எல்எஸ் எஞ்சின்களின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றின் இசியு-வுக்குள் இருந்த அட்டவணைகளை வெளியாட்கள் கண்டுபிடித்துத் திறந்தார்கள். எச்பி ட்யூனர்ஸ், நியூசிலாந்தைச் சேர்ந்த இஎஃப்ஐ லைவ் போன்ற நிறுவனங்களின் சாப்ட்வேரை லேப்டாப்பில் போட்டு, காரின் ஓபிடி-2 போர்ட்டில் கேபிளைச் செருகினால் அட்டவணை திரைக்கு வந்துவிடும். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் இந்த போர்ட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. கார் இல்லாத இடத்திலும் இந்த எஞ்சின் வேலை செய்யும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. சாப்ட்வேர் திறக்காமல் போயிருந்தால், எல்எஸ் எஞ்சின் எடைக்குப் போடும் அலுமினியமாகத்தான் முடிந்திருக்கும்.

பழமையைக் கெடுக்கிறார்களா?

ரெஸ்டோமாட் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. சரித்திரப் பொருளைச் சிதைக்கிறார்கள் என்கிறார்கள். தொழிற்சாலையில் மாட்டிய எஞ்சினின் எண்ணும் காரின் எண்ணும் பொருந்தியிருந்தால்தான் அவர்களுக்கு அது உண்மையான கார்.

இதில் நியாயம் இருக்கிறது. 1969-ல் அலுமினிய எஞ்சினோடு வந்த இசட்எல்1 கமாரோக்கள் மொத்தமே 69. அத்தகைய காரை வெட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு மாடல் ஆண்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கமாரோக்கள் தயாராகின. எஞ்சின் போய், துரு ஏறி நிற்கும் ஒரு சாதாரண ஆறு சிலிண்டர் காரில் காப்பாற்ற வேண்டிய சரித்திரம் எவ்வளவு? சாலையில் ஓடினால்தான் அடுத்த தலைமுறை அதைப் பார்க்கும். அரிய கார்களை அப்படியே வைத்துக்கொள்வோம்; மற்றவற்றை ஓட வைப்போம். பழைய எஞ்சினைத் தூக்கி எறியாமல் கிரீஸ் தடவி மூலையில் வைத்துவிட்டால், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். பேக்கப் எடுத்துவிட்டு அப்கிரேட் செய்வது என்பது இதுதானே?

இன்றைய காருக்கு இது நடக்குமா?

இனிதான் சிக்கல். இன்றைய காரில் ஒரு கம்ப்யூட்டர் அல்ல, பல டஜன் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எஞ்சின், கியர், பிரேக், கதவு, டேஷ்போர்டு எல்லாம் ஒன்றோடொன்று நெட்வொர்க்கில் பேசிக்கொள்கின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றவை முரண்டு பிடிக்கும். 2020 மாடல் கார்வெட்டோடு ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த புதிய மின்னணு அமைப்பைத் திறக்க முடியாமல், எல்எஸ் எஞ்சினை விளையாட்டாகத் திறந்த ட்யூனர்களே திணறினார்கள்.

மின்சாரக் காருக்கும் இதே கதைதான். 2021-ல் ஃபோர்டு நிறுவனம், தன் மஸ்டாங் மாக்-இ காரின் மோட்டாரை எலுமினேட்டர் என்ற பெயரில் தனியாக விற்பனைக்கு விட்டது. 281 குதிரைத்திறன், விலை 3,900 டாலர். விலையைக் கேட்டால் ஆசையாக இருக்கும். ஆனால் அதை ஓட்டத் தேவையான இன்வெர்ட்டரும் பேட்டரியும் கன்ட்ரோலரும் அந்த விலையில் சேரவில்லை. பிராசசரை மட்டும் வாங்கி வந்து, மதர்போர்டையும் பயாஸையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்பது போல.

சட்டமும் குறுக்கே நின்றது. சினிமா, பாட்டு திருட்டைத் தடுப்பதற்காக 1998-ல் அமெரிக்கா டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். காரின் இசியு-வுக்கும் அதே பூட்டு என்பதால், சொந்தக் காரைத் திறப்பதும் அதே வலையில் விழுந்தது. விலக்கு கேட்டு மனுக்கள் போயின. டிராக்டர் நிறுவனமான ஜான் டீர், வண்டியை வாங்குபவருக்கு அதன் சாப்ட்வேரைப் பயன்படுத்தும் உரிமம்தான் உண்டு என்று வாதாடியது. ஜெனரல் மோட்டார்ஸும் விலக்கை எதிர்த்தது. கடைசியில் 2015 அக்டோபரில், ரிப்பேருக்காகவும் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றங்களுக்காகவும் காரின் சாப்ட்வேரைத் திறக்கலாம் என்று விலக்கு கிடைத்தது. ஆனால் அது ஒரு வருடம் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளருக்காக மெக்கானிக் திறப்பதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூட்டைத் திறக்கும் கருவியை விற்பதற்கோ இந்த விலக்கு பொருந்தாது. சாவி செய்ய உரிமை உண்டு, சாவிக் கடை வைக்க உரிமை இல்லை என்பது என்ன நியாயம்?

பாதுகாப்பும் புகையும்

பூட்டுக்கு ஆதரவாக இரண்டு வாதங்களைச் சொல்கிறார்கள். அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது பாதுகாப்பு. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை எங்கோ உட்கார்ந்து இன்டர்நெட் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த வழி கார் உரிமையாளர் திறந்துவிட்டதல்ல. நிறுவனம் விட்ட ஓட்டை அது. வெளியாட்கள் உள்ளே பார்த்ததால்தான் அந்த ஓட்டையே தெரிந்தது. இன்டர்நெட் வழியாக வரும் திருடனைத் தடுக்கும் பூட்டு வேறு; வண்டிக்குப் பக்கத்தில் கேபிளோடு நிற்கும் உரிமையாளரைத் தடுக்கும் பூட்டு வேறு. முதலாவது அவசியம். இரண்டாவதைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கக்கூடாது.

இரண்டாவது புகை. அட்டவணையை மாற்றினால் மாசு கூடும் என்பது உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் இதைச் சொல்லித்தான் 2015 ஜூலையில் விலக்கை எதிர்த்தது. இரண்டே மாதம் கழித்து, செப்டம்பரில், அதே அமைப்பு ஃபோக்ஸ்வாகன் மோசடியை அறிவித்தது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்து, சாலையில் அள்ளி விடும்படி நிறுவனமே சாப்ட்வேர் எழுதியிருந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். பூட்டு போட்ட சாப்ட்வேர் காற்றைக் காப்பாற்றவில்லை, திருட்டை மறைத்தது. புகையைக் குழாய் முனையில் அளந்து, தவறு செய்தவர் யாராக இருந்தாலும் பிடிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸே இ-ராட் என்ற பெயரில், கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு சேர்த்து எல்எஸ் எஞ்சினை விற்றது. கார்புரேட்டர் கால எஞ்சின் இருந்த இடத்தில் இதை மாட்டினால் புகை குறையவே செய்யும்.

பழைய காருக்குள்ளும் பூட்டு வரும்

ரெஸ்டோமாட் பிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கமாரோவில் இசியு மாட்டிய நாளிலிருந்து, அந்தக் காரும் கம்ப்யூட்டரைப் போல மூப்படையத் தொடங்கும். இரும்பு ஐம்பது வருடம் தாங்கும். சாப்ட்வேர் தாங்குமா? மெக்லாரன் எஃப்1 என்ற பிரிட்டிஷ் காரைப் பராமரிக்க, 1990-களின் காம்பேக் லேப்டாப் ஒன்றை அந்த நிறுவனம் கட்டிக் காத்து வந்தது 2016-ல் செய்தியானது. அந்த லேப்டாப்பில் மாட்டும் சிறப்பு கார்டு வேறு எதிலும் வேலை செய்யாது. பல லட்சம் டாலர் கார், பழைய லேப்டாப்பை நம்பி நின்றது.

எனவே இசியு வாங்குபவர்கள் சில வேலைகளைச் செய்துவிட வேண்டும். காரில் ஓடும் அட்டவணை ஃபைலைக் காப்பி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அதைத் திறக்கும் சாப்ட்வேரின் இன்ஸ்டாலரையும், அது ஓடும் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்து வையுங்கள். வயரிங் படத்தைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்து காரிலேயே வையுங்கள். இன்டர்நெட்டில் லாகின் செய்தால்தான் திறப்பேன் என்று சொல்லும் இசியு என்றால், எவ்வளவு விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

நமக்கு என்ன வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் ஒரு மாடலுக்கு அப்டேட் தருவதை நிறுத்தும் நாளில், அதன் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை ஆவணமாக வெளியிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020-ல் நடந்த வாக்கெடுப்பில், காரின் தகவல்களை உரிமையாளருக்கும் அவர் விரும்பும் மெக்கானிக்குக்கும் திறந்துவிட வேண்டும் என்று சுமார் 75 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கார் நிறுவனங்களின் கூட்டமைப்பு உடனே கோர்ட்டுக்குப் போனது. மக்கள் கேட்பது தெளிவாக இருக்கிறது. தடுப்பது யார் என்பதும் தெளிவாக இருக்கிறது.

இது கார் வைத்திருப்பவர்கள் பிரச்சினை மட்டும் அல்ல. பேட்டரியை ஒட்டி வைத்த லேப்டாப், வேறு கடை கார்ட்ரிட்ஜை ஏற்காத பிரின்டர், கம்பெனி சர்வரை நிறுத்தினால் செத்துப்போகும் வீட்டுச் சாதனம் எல்லாம் இதே வகைதான். அடுத்த முறை எதை வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை நானே திறக்கலாமா? பாகம் தனியாகக் கிடைக்குமா? கம்பெனி மூடிவிட்டாலும் இது ஓடுமா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தால் தைரியமாகப் பணத்தை எடுங்கள். 1969-ல் கமாரோ வாங்கியவர் இந்தக் கேள்விகளைக் கேட்கவே தேவை இருக்கவில்லை. நாம் கேட்டே ஆக வேண்டும்.